பித்தளைப் புனலா, கறுப்புப் பெட்டியா: வீட்டில் கிடைத்த இரண்டு கிராமபோன்களில் எது பழையது?

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தேவகோட்டைப் பூர்வீக வீட்டைக் காலி செய்தபோது இரண்டு கிராமபோன்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, பித்தளைப் புனல் வைத்த எட்டுப்பட்டை மரப்பெட்டி. முன்பக்கம் நாய்ப் படம், அதன் கீழே 1905 என்று பொறித்த பித்தளைத் தகடு. அதை உங்கள் அப்பா பதினைந்து வருடம் முன்பு ஒரு பழம்பொருள் கடையில் வாங்கியிருக்கிறார். இன்னொன்று, பரணில் கிடந்த கறுப்பு ரெக்சின் பெட்டி. சூட்கேஸ் போல மூடித் தூக்கிப் போகலாம். தாத்தா காலத்தது. கூடவே நாற்பது சொச்சம் இசைத்தட்டுகள். புனல் வைத்த மெஷினில் ஸ்பிரிங் அறுந்துபோனதால் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறீர்கள். அங்கே, "கறுப்புப் பெட்டி சாதாரண போர்ட்டபிள்தான், அதன் மோட்டாரைக் கழற்றி இதில் போட்டுவிடலாம்" என்று சொன்னார்களாம். செய்யலாமா, செய்தால் 1905 மெஷினுக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேட்கிறீர்கள்.

மோட்டாரை மாற்றலாமா என்பது மேலே தெரிகிற கேள்வி. அதற்கு அடியில் இருப்பது, இந்த இரண்டில் எது உண்மையில் பழையது, எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது. இருபத்தேழு வருடமாகக் கடிகாரமும் கிராமபோனும் பழுதுபார்க்கிறேன். நீங்கள் கேட்ட இதே வேலையைச் செய்யச் சொல்லி என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில், விவரம் தெரியாமல் இரண்டு முறை செய்தும் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு போர்ட்டபிள்களும் இன்றும் மனதை உறுத்துகின்றன. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாற்றாதீர்கள். இரண்டில் அசல் அந்தக் கறுப்புப் பெட்டிதான்.

முதலில் புனல் வைத்ததைப் பார்ப்போம். இந்தியாவில் பல வருடங்களாக இப்படிப்பட்ட மெஷின்களைச் செய்து விற்கிறார்கள். பழைய போர்ட்டபிள் பெட்டியை உடைத்து மோட்டார், தட்டு சுற்றும் மேடை, ஊசியின் அதிர்வை ஒலியாக்குகிற சவுண்ட் பாக்ஸ் மூன்றையும் எடுத்துக்கொள்வார்கள். புதிதாக ஒரு மரப்பெட்டி செய்து, மெல்லிய பித்தளைத் தகட்டில் புனல் அடித்து, நாய்ப் படத்தை ஒட்டிவிடுவார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கும் ஹோட்டல் வரவேற்பறைகளுக்கும் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்குத் தனியாக ஒரு கெட்ட பெயரே வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவை யாரும் குறை சொல்ல முடியாது. பார்க்க அழகாக இருக்கும், பாடவும் செய்யும். ஆனால் அது 1905 இல்லை.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய படங்களிலேயே நான்கைந்து விஷயம் தெரிகிறது. புனலையும் சவுண்ட் பாக்ஸையும் இணைக்கிற கைக்குழாயைப் பாருங்கள். அசல் மெஷினில் அந்தக் குழாய் சவுண்ட் பாக்ஸ் பக்கம் குறுகலாக இருந்து, புனலை நோக்கிப் போகப்போகச் சீராக விரியும். ஒலி தடையில்லாமல் பெருகிக்கொண்டே போக அதுதான் வழி. அமெரிக்காவின் விக்டர் கம்பெனி 1903-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. உங்களுடையதில் குழாய் முழுக்க ஒரே தடிமன், தண்ணீர்க் குழாயை வளைத்தது போல. அடுத்தது, மேல்பலகையில் இருக்கிற திருகாணிகள். அவற்றின் தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு இருக்கிறது. அந்தத் திருகாணி சந்தைக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். 1905-ல் எல்லாமே ஒற்றைக் கோடு வெட்டிய திருகாணிகள். மூன்றாவது, எட்டுப்பட்டைப் பெட்டி. கிராமபோன் கம்பெனியின் அசல் புனல் மெஷின் என்று நிச்சயமாகத் தெரிந்த எதிலும் நான் இந்த வடிவத்தைப் பார்த்ததில்லை. எல்லாம் சதுரமோ நீள்சதுரமோதான். ஓக், மஹோகனி மரத்தில், விளிம்பில் அளவாகக் கொஞ்சம் வேலைப்பாட்டோடு இருக்கும். ஆண்டு பொறித்த தகட்டை முன்னால் அடித்த அசல் மெஷினையும் கண்டதில்லை.

நாய்ப் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதை வைத்துத்தான் ஏமாறுகிறார்கள். பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர் வரைந்த படம் அது. முதலில் நாயின் முன்னால் அவர் வரைந்தது எடிசனின் உருளை வைத்த ஃபோனோகிராஃப். 1899-ல் லண்டன் கிராமபோன் கம்பெனி அதை வாங்கியபோது, உருளை மெஷினை மறைத்து மேலே தட்டு வைத்த கிராமபோனை வரைந்து கொடுத்தார். பிரிட்டனில் இசைத்தட்டு லேபிளில் அந்த நாய் வந்ததோ 1909-ல். அதற்கு முன்பு தட்டின் மேல் எழுத்தாணியால் எழுதும் ஒரு தேவதையின் படம்தான் முத்திரை. இன்னொரு உறுதியான அடையாளமும் உண்டு: 1900 கடைசியிலிருந்து 1907 கடைசி வரை அந்தக் கம்பெனியின் பெயர் 'கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர் லிமிடெட்'. கொஞ்ச காலம் தட்டச்சு இயந்திரமும் விற்றார்கள். ஆக 1905 மெஷின் என்றால் அதில் கம்பெனிப் பெயர் இருக்கிற இடத்தில் டைப்ரைட்டர் என்ற சொல்லைத்தான் நான் முதலில் தேடுவேன். உங்கள் பெட்டியில் இருப்பது 'ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்' என்பதன் சுருக்கமான 'எச்எம்வி' என்ற மூன்று எழுத்து மட்டும்.

நீங்கள் ஃபோனோகிராஃப் என்ற சொல்லையும் கிராமபோன் என்ற சொல்லையும் மாற்றி மாற்றி எழுதியிருப்பதால் ஒரு சின்ன விளக்கம். எடிசன் 1877-ல் செய்தது ஃபோனோகிராஃப், உருளையில் பதிவது. எமில் பெர்லினர் 1887-ல் காப்புரிமை கேட்டது கிராமபோன், தட்டில் பதிவது. அமெரிக்காவில் பிற்பாடு இரண்டுக்கும் முதல் பெயரே நிலைத்துவிட்டது, நம் ஊரில் இரண்டாவது. உருளை மெஷின் நம் பக்கம் மிக அபூர்வம். என் கைக்கு வந்தது மூன்றே மூன்று. அதில் ஒன்றை ஒருவர் 1898 என்று நம்பி வாங்கியிருந்தார், காரணம் பெட்டியின் தகட்டில் அந்த ஆண்டு இருந்தது. அது காப்புரிமைத் தேதி. எடிசன் கம்பெனி தகட்டில் வரிசையாகப் பல காப்புரிமைத் தேதிகளை அடிக்கும். அதில் கடைசியாக இருக்கிற தேதிக்கு முன்னால் அந்த மெஷின் செய்திருக்க முடியாது என்பது மட்டும்தான் அதிலிருந்து கிடைக்கிற செய்தி. அதற்கு எத்தனை வருடம் பின்னால் என்பதை வரிசை எண்ணையும் உறுப்புகளையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பொருள் எதிலும் ஆண்டைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.

சரி, இப்போது கறுப்புப் பெட்டி. மூடிக்குள் இருக்கிற நாய் முத்திரை, வலது பக்கம் சாவி கொடுக்கிற துளை, வளைந்த குரோமியக் கை, அதன் முனையில் 5பி என்று பொறித்த சவுண்ட் பாக்ஸ், முன் மூலையில் சுழன்று வெளியே வருகிற ஊசிக் கிண்ணம். இவ்வளவும் சேர்ந்தால் அது எச்எம்வி 102. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1931-ல் வந்து 1950களின் பிற்பகுதி வரை செய்யப்பட்ட மாடல். இதற்கு முன்பு வந்த 101, 1925-லிருந்து 1931 வரை. உலகத்தில் சாவி கொடுத்துப் பாட வைக்கிற போர்ட்டபிள்களில் 102-க்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனம் வராது. பெட்டிக்குள் மடித்து வைத்த ஒலிக்குழல் பின்பக்கம் திறக்கிறது, திறந்த மூடி அந்தச் சத்தத்தை முன்னால் திருப்பி அனுப்புகிறது. அவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து அந்தக் குரல் வருவதை முதல்முறை கேட்பவர்கள் மின்சாரம் எங்கே செருகியிருக்கிறது என்று தேடுவார்கள்.

உங்கள் 102 எந்த வருடம் என்பதில்தான் உறுதியும் சந்தேகமும் பிரிகின்றன. முதலில் வந்தவற்றில் 16-ம் எண் சவுண்ட் பாக்ஸ் இருந்தது, பிறகு 5ஏ, கடைசியாக 5பி. உங்களுடையது 5பி என்பதால் பெட்டி முதல் சில வருடத்தது இல்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் சவுண்ட் பாக்ஸைக் கையால் திருகிக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். பழுதானபோது கடையில் புதிதாக வாங்கி மாட்டிய வீடுகள் ஏராளம். அதனால் அதை மட்டும் நம்பி நான் ஆண்டு சொல்ல மாட்டேன். மேல்பலகையைத் தூக்கி மோட்டாரின் அடிப்பகுதியைப் பார்த்தால் இன்னும் கிட்டத்தில் போகலாம். படத்தை மட்டும் வைத்து 1931-லிருந்து 1950களின் பிற்பகுதி வரை என்று நிறுத்திக்கொள்கிறேன்.

இசைத்தட்டை வைத்து மெஷினின் வயதைக் கணிக்கலாமே என்று நினைப்பீர்கள். கவனமாகச் செய்ய வேண்டும். மெஷினை ஒருமுறைதான் வாங்குவார்கள், தட்டை முப்பது வருடம் வாங்கிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் தட்டின் வயதைத் தட்டே சொல்லும். சினிமாப் பாட்டு என்றால் லேபிளில் படத்தின் பெயர் இருக்கும். முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வந்தது 1931-ல், ஆகவே நம் சினிமாத் தட்டு எதுவும் அதற்கு முந்தியது இல்லை. மற்றவற்றுக்குப் படம் வெளியான ஆண்டு ஏறக்குறைய பொருந்தும், மறுபதிப்புகள் மட்டும் தள்ளி வரும். கர்நாடக இசை, நாடகப் பாட்டு, ஹரிகதைத் தட்டுகளில் லேபிளின் நிறம், எண், பாடியவர் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிற மிஸ், ஸ்ரீமதி, பிரம்மஸ்ரீ போன்ற அடைமொழிகள் எல்லாமே உதவும். கல்கத்தாவில் முதல் தட்டு அச்சிடும் ஆலை சியால்தாவில் 1908-ல் வந்தது. டம்டம் ஆலை 1928-ல். 'டம்டம்' என்று அச்சிட்ட லேபிள் அதற்குப் பிந்தியது. சியால்தாவுக்கு முன்னால் இங்கே பதிவு செய்து ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பி அச்சடித்துக் கப்பலில் திரும்ப வரவழைத்தார்கள். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டு என்றாலே ரொம்பப் பழையது என்றும் நினைக்க வேண்டாம். பல நாடுகள் நிறுத்திய பிறகும் நம் நாட்டில் 1960களில் அது வந்துகொண்டிருந்தது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள்கூட இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கின்றன.

உங்கள் தட்டுகளில் ஓடியன் கம்பெனியின் லேபிள் நிறைய இருப்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஏவிஎம் மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு கிராமபோன் தட்டு வியாபாரத்தில்தான் இருந்தார். காரைக்குடியில் அவர் தகப்பனாரின் கடையில் தட்டு விற்றார்கள். பிறகு சென்னையில் கூட்டாகத் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ்தான் ஓடியன் தட்டுகளைக் கொண்டுவந்தது. உங்கள் ஊரிலிருந்து காரைக்குடி எட்டிப் பிடிக்கிற தூரம். தாத்தா அங்கே போய் வாங்கியிருக்கலாம் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அது என் ஊகம்தான். தட்டின் காகித உறையில் கடை முத்திரை இருந்தால் அது சாட்சி ஆகிவிடும். அதனால் கிழிந்த உறையையும் எறியாதீர்கள்.

இனிப் பழுதுபார்க்கும் வேலை. 102 திரும்ப வீட்டுக்கு வந்ததும் சாவி கொடுத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். மெதுவாக நாலைந்து சுற்று மட்டும் கொடுங்கள். மேடை சுற்றினால் ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது. சுற்றும்போது 'டொக்' என்று உள்ளே அடித்து மேடை ஒரு கணம் குதித்தால் பயப்பட வேண்டாம். ஸ்பிரிங் இருக்கிற டப்பாவில் பழைய கிரீஸ் காய்ந்து தார் போல இறுகி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திடீரென்று விடுபடுகிற சத்தம் அது. அதைத் திறந்து சுத்தம் செய்யத்தான் வேண்டும், ஆனால் அந்த ஒரு வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். ஒரு அங்குல அகலத்தில் பத்தடிக்கு மேல் நீளமான எஃகுப் பட்டை ஒரு சின்ன டப்பாவுக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. தவறி வெளியே பாய்ந்தால் விரலைக் கிழித்துவிடும். என் இடது கட்டைவிரலில் ஐந்து தையல் போட்ட தழும்பு அப்படி வந்தது. யாரிடம் கொடுத்தாலும் சாவி முழுவதும் இறங்கிய பிறகுதான் மோட்டாரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லுங்கள்.

பட்டறையில் செய்வது இதுதான். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, விரிசல் இல்லையா என்று நீளம் முழுக்க விரலோட்டிப் பார்த்து, கிராஃபைட் கலந்த கிரீஸ் தடவித் திரும்பச் சுருட்டி வைப்போம். பல்சக்கரங்களுக்கும் அதே சுத்தம். அப்புறம் கவர்னர். மேடையின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற உறுப்பு அது. மெல்லிய மூன்று தகடுகளில் மூன்று குண்டுகள் இருக்கும். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரிந்து, ஒரு வட்டை இழுத்துத் தோல் அல்லது கம்பளித் துண்டில் உரசவைக்கும். அந்தத் துண்டு காய்ந்து மரமாகிவிட்டால் மோட்டார் கரகரவென்று சத்தம் போடும், பாட்டு ஆடும். ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும், சரியாகிவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் மட்டும் விடாதீர்கள். அது சில மாதத்தில் பிசினாகிவிடும். எனக்கு வருகிற மோட்டார்களில் பாதிக்குக் காரணம் யாரோ ஒருவர் அன்போடு விட்ட தேங்காயெண்ணெய்தான்.

வேகத்தைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, ஊசியைத் தட்டில் வைத்துப் பாட விட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 78 வந்தால் சரி. ஊசியை வைக்காமல் எண்ணினால் கணக்குத் தப்பும், ஏனென்றால் ஊசியின் பாரம் மேடையைச் சற்று இழுத்துப் பிடிக்கும். கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை (மின்விளக்கு வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் வேகம் சரி) வைத்திருந்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 77 கோடு உள்ள அட்டை வேண்டும். அமெரிக்காவிலிருந்து வருகிற 92 கோட்டு அட்டை இங்கே தப்பாகக் காட்டும்.

பாட்டின் குரலைத் தீர்மானிப்பது சவுண்ட் பாக்ஸ். கைக்கடிகாரம் அளவு இருக்கிற அதற்குள் ஒரு மெல்லிய தகடு. பழையவற்றில் அது அபிரகம், நம் பாட்டிமார் காக்காப்பொன் என்பார்களே, அதேதான். 5ஏ, 5பி இரண்டிலும் அலுமினியக் கலவை. ஊசியின் அதிர்வு ஒரு சிறு நெம்புகோல் வழியாகத் தகட்டின் நடுவுக்குப் போகிறது. தகட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் ரப்பர் வளையம் மெத்தை போலப் பிடித்திருக்கும். எண்பது வருடத்தில் அந்த ரப்பர் கல்லாகிவிடும். அப்போதுதான் குரல் கீச்சென்றும் கரகரவென்றும் வரும். தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள், குற்றம் பெரும்பாலும் ரப்பரில் இருக்கும். ஆரம்ப காலத்தில் சைக்கிள் வால்வு டியூப்பை நறுக்கி வைத்துப் பார்த்தேன். அது விறைப்பு, குரல் அடைத்துக்கொண்டது. மிருதுவான மெல்லிய சிலிக்கான் டியூப்தான் பொருந்துகிறது. மாற்றும்போது தகட்டின் நடுவில் இருக்கிற ஒட்டு எந்தப் பக்கமும் இழுபடாமல் சும்மா நிற்க வேண்டும். அந்த ஒன்றைச் சரியாக உட்காரவைக்க எனக்குச் சில நாள் அரை மணி ஆகும், சில நாள் ஒரு மாலைப்பொழுதே போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சவுண்ட் பாக்ஸ்களின் பின்பகுதி பலவற்றில் துத்தநாகக் கலவையால் வார்த்தது. வயதானால் அந்த உலோகம் உள்ளுக்குள்ளேயே உப்பி, முடி போன்ற விரிசல் விட்டு, ஒரு நாள் கையோடு பிஸ்கட் போல உடைந்து வரும். அதற்கு மருந்து இல்லை. உங்கள் 5பி-யின் பின்பக்கத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். விரிசல் இல்லையென்றால் நல்ல காலம். மெஷினின் குரோமியக் கையிலிருந்து அது கழன்று வர மறுத்தால் முறுக்கி இழுக்க வேண்டாம், உள்ளே இருக்கிற ரப்பர் இணைப்பு கெட்டியாகியிருக்கும். தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி மெல்ல அசைத்தால் விடும்.

வெளிப்பெட்டிக்கு ஈரத்துணியால் துடைத்து, நிறமில்லாத ஷூ பாலிஷ் மெலிதாகத் தடவினால் போதும். புதிய ரெக்சின் ஒட்ட வேண்டாம். மூலையில் தேய்ந்திருக்கிற இடம் தாத்தா தூக்கிப் போன இடம், அது இருக்கட்டும். குரோமியத்தில் பித்தளைப் பாலிஷ் வேண்டாம், முலாம் தேய்ந்துவிடும்.

தட்டுகளைச் சுத்தம் செய்வதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 78 தட்டின் உயிர் அரக்கு. நம் நாட்டுக் காடுகளிலிருந்து எடுத்து உலகம் முழுக்க அனுப்பிய அதே அரக்குதான். ஆசாரிகள் அவல் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மரத்துக்குப் பாலிஷ் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அப்படியானால் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் என்ன ஆகும்? ஒரு அம்மா தன் தகப்பனார் பாடிப் பதிந்த ஒரே தட்டைக் கொண்டுவந்தார். வீட்டில் யாரோ சானிடைசர் போட்டுத் துடைத்திருந்தார்கள். மேல்பரப்பு வெளிறி, கோடுகள் மழுங்கி, விரல் வைத்தால் லேசாக ஒட்டியது. ஊசியை வைத்ததும் இரைச்சல் மட்டும் வந்தது. அந்த அம்மா அதையே மூன்று நிமிடம் முழுக்க உட்கார்ந்து கேட்டார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. தயவுசெய்து சாதாரணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மிருதுவான துணியால் கோட்டின் போக்கிலேயே துடைத்து, லேபிள் நனையாமல் பார்த்து, நிழலில் உலர்த்துங்கள். செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளையும், அடியில் இருப்பது உடையும்.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சாவி கொடுக்கிற மெஷினில் சவுண்ட் பாக்ஸ் நூறு கிராமுக்கு மேலான பாரத்தோடு தட்டின் மேல் உட்காருகிறது. பிற்காலத்தில் வந்த, நீண்ட நேரம் பாடுகிற எல்பி தட்டு ஓட்டுகிற மெஷினில் ஊசியின் பாரம் இரண்டு கிராம் அளவுதான். 78 தட்டின் கலவையில் கல்மாவு உண்டு, அது எஃகு ஊசியைக் கோட்டுக்குத் தக்கபடி உரசித் தேய்த்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று சட்டம். தேய்ந்த ஊசி இரண்டாவது பக்கத்தில் உளியாகிவிடும். புதிய எஃகு ஊசி இன்றும் கிடைக்கிறது. கிண்ணத்தில் இருக்கிற பழைய ஊசிகளைப் பயன்படுத்தாதீர்கள், எது புதிது எது தேய்ந்தது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தட்டு கொஞ்சம் தேயும். ஆகவே நாற்பது தட்டையும் முதலில் மின்சார டர்ன்டேபிளில், 78-க்கென்று வருகிற அகலமான ஊசி போட்டு, கணினியில் பதிந்துவிடுங்கள். எல்பி ஊசி மெலிசு, 78 கோட்டின் அடியில் போய் அழுக்கில் உரசும், குரல் சரியாக வராது. பதிந்த பிறகு, திரும்பக் கிடைக்கக்கூடிய சினிமாத் தட்டுகளை 102-இல் வைத்துக் கேளுங்கள். அபூர்வமானவற்றை உறையிலேயே விடுங்கள். எல்பி, அதன் சிறிய வடிவமான ஈபி எதையும் சாவி மெஷினில் வைக்கவே கூடாது, ஒரே தடவையில் போய்விடும்.

எது அபூர்வம் என்று தெரியாவிட்டால் லேபிள்களைப் படம் எடுத்து அனுபவமுள்ளவர்களிடம் காட்டுங்கள். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அது உங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்து பிறந்ததுதான். பழைய நாடக, சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் அங்கே நிறைய உண்டு, தட்டில் இருக்கிற பாட்டை அடையாளம் காண உதவும்.

விலையைக் கேட்டிருந்தீர்கள். புனல் மெஷினை 1905 என்று சொல்லி விற்காதீர்கள். அலங்காரப் பொருள் என்று உண்மையைச் சொல்லி விற்றால் அதற்கும் வாங்குபவர் உண்டு. அல்லது அப்பாவின் நினைவாகக் கூடத்திலேயே இருக்கட்டும், பாட வேண்டும் என்றால் அறுந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக அதே அகலத்தில் புது ஸ்பிரிங் தேடிப் போடலாம். அதன் மோட்டாரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் போர்ட்டபிளில் ஓடியதுதான். 102-ஐப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் ஏராளமாகச் செய்த மாடல் என்பதால் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். முழுமையாக இருக்கிற ஒன்றுக்கும், மோட்டார் பிடுங்கிய வெறும் பெட்டிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கறுப்புப் பெட்டி இப்போது பழுதுபார்ப்பவரிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்றே போன் செய்து, எதையும் கழற்ற வேண்டாம், அப்படியே திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வாங்கும்போது சாவிக் கைப்பிடி, சவுண்ட் பாக்ஸ், மூடியில் மாட்டுகிற தட்டுத் தாங்கி மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மேடையைச் சுழலவிடாமல் பிடித்து மேலே தூக்கினால் கழன்று வரும். அதன் அடியில் தெரிவதையும், பலகையைத் தூக்கினால் மோட்டாரையும் இரண்டு படம் எடுத்துப் போடுங்கள். ஆண்டை இன்னும் நெருக்கிச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன்.